ஆப்ஷன் யார் கையில்? – வாசகர் கேள்வி பதில்

‘ஆப்ஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் அதன் சொந்தபந்தங்களான சாய்ஸ், ஆல்டர்நேட்டிவ், ப்ரிஃபர் ஆகியவற்றையும் பற்றிக் கேட்டவர்களின் கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். இலக்கணச் சந்தேகம் கேட்டவர்களைப் போலவே, கையெழுத்துப் போடுவதற்கு முன் அர்த்தம் தெரிந்துகொள்ள நினைத்தவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: ஆப்ஷன், சாய்ஸ், ஆல்டர்நேட்டிவ் மூன்றுக்கும் அகராதியில் ‘தேர்வு, விருப்பம், மாற்று’ என்று கலந்துகட்டிப் போட்டிருக்கிறார்கள். மாணவர்களுக்கு எப்படிப் பிரித்துச் சொல்வது?
– ஓர் ஆசிரியை, தேவகோட்டை

ஓட்டலில் சர்வர் வந்து “இட்லி, பொங்கல், பூரி இருக்கு” என்கிறார். அந்த மூன்றில் ஒவ்வொன்றும் ஓர் ஆப்ஷன். நீங்கள் “பொங்கல்” என்கிறீர்கள். அது உங்கள் சாய்ஸ். உள்ளே போனவர் திரும்பி வந்து, “பொங்கல் தீர்ந்துபோச்சு, கிச்சடி தரட்டுமா?” என்றால், கிச்சடி ஆல்டர்நேட்டிவ். முன்னால் கிடப்பது ஆப்ஷன், எடுப்பது சாய்ஸ், எடுக்க நினைத்ததற்குப் பதிலாக வருவது ஆல்டர்நேட்டிவ். ஆரம்ப வகுப்புக்கு இது போதும்.

மேல் வகுப்புக்கு இன்னும் கொஞ்சம் சொல்லலாம். சாய்ஸ் என்பது எடுத்த பொருளை மட்டும் குறிப்பதில்லை. எடுக்கும் செயல், எடுக்கும் சுதந்திரம், கடையில் பரப்பி வைத்திருக்கும் மொத்தச் சரக்கு எல்லாமே சாய்ஸ்தான். ‘எ வைட் சாய்ஸ் ஆஃப் சாரீஸ்’ என்றால் விதவிதமான புடவைகள் இருக்கின்றன என்று பொருள். ஆப்ஷனுக்கு இவ்வளவு விரிவு கிடையாது. அதைப் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் எண்ணுவோம்: த்ரீ ஆப்ஷன்ஸ், ஃபோர் ஆப்ஷன்ஸ்.

ஆல்டர்நேட்டிவ் பற்றி ஒரு பழைய சண்டை உண்டு. ‘ஆல்டர்’ என்ற லத்தீன் வேருக்கு ‘இரண்டில் மற்றொன்று’ என்று பொருள். அதனால் இரண்டுக்கு மேல் ஆல்டர்நேட்டிவ் இருக்கவே முடியாது என்று அந்தக் கால ஆங்கில வாத்தியார்கள் அடித்துச் சொன்னார்கள். இன்று ‘த்ரீ ஆல்டர்நேட்டிவ்ஸ்’ என்று எழுதுவதை எல்லா அகராதிகளும் ஒப்புக்கொள்கின்றன. அதற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்.

குறைக்க வேண்டிய இடங்கள் வேறு. ‘எ சாய்ஸ் பிட்வீன் டீ ஆர் காஃபி’ என்பது தவறு. பிட்வீன் வந்தால் ‘அண்ட்’தான் வரும். ‘ஐ ஹேட் நோ ஆப்ஷன் பட் கோயிங்’ என்பதும் தவறு. நோ ஆப்ஷன், நோ சாய்ஸ், நோ ஆல்டர்நேட்டிவ் மூன்றுக்கும் ‘பட் டு கோ’தான் சரி. ‘ஐ குட் நாட் பட் கோ’ என்ற பழைய நடையில் மட்டும் ‘டு’ வராது. இந்த இரண்டும் மாணவர் மனதில் ஒட்டிக்கொள்வதால்தான் குழப்பம்.

கேள்வி: ஆல்டர்நேட் டேஸ், ஆல்டர்நேட்டிவ் டேஸ் – எது சரி?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் ஆல்டர்நேட் டேஸ். திங்கட்கிழமை முடியாது, புதன்கிழமை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் புதன்கிழமைதான் ஆல்டர்நேட்டிவ் டே. அமெரிக்கர்கள் பலர் இரண்டாவதற்கும் ஆல்டர்நேட் என்றே எழுதுவார்கள். நம் பள்ளி ஆங்கிலத்துக்கு அந்தச் சலுகை வேண்டாம்.

கேள்வி: ஆப்ஷனும் ஆப்டிகல்ஸும் ஒரே வேரா? பார்த்துத் தேர்ந்தெடுப்பதால் வந்த சொல் என்று ஒருவர் சொன்னார்.
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இல்லை. ஆப்டிகல் கிரேக்கத்திலிருந்து வந்தது. ஆப்ஷன் லத்தீன் ‘ஆப்டாரே’விலிருந்து, அதாவது விரும்பு, தேர்ந்தெடு என்ற வினையிலிருந்து வந்தது. அதே வேரில் பிறந்தது ‘அடாப்ட்’: தனக்கென்று தேர்ந்துகொள்வது, தத்தெடுப்பது. ரோமானியப் படையில் ‘செஞ்சுரியன்’ என்ற அதிகாரிக்குத் துணையாக நின்றவரின் பதவிப்பெயரே ‘ஆப்டியோ’தான். அந்தத் துணைவரை ஆரம்பத்தில் செஞ்சுரியனே தேர்ந்துகொண்டதால் வந்த பெயர் அது.

கேள்வி: கடை வாடகை ஒப்பந்தத்தில் ‘ரின்யூவபிள் அட் தி ஆப்ஷன் ஆஃப் தி லெஸர்’ என்று இருக்கிறது. ‘புதுப்பித்துக்கொள்ளலாம்னு அர்த்தம், கையெழுத்துப் போடுங்க’ என்கிறார் புரோக்கர். போடலாமா?
– வணிகர், பொள்ளாச்சி

நிறுத்துங்கள். லெஸர் என்றால் இடத்தைக் குத்தகைக்கு விடுபவர், அதாவது கட்டட உரிமையாளர். லெஸீ என்றால் நீங்கள். இரண்டு சொற்களும் கடைசி எழுத்துகளில் மட்டுமே வேறுபடும். ஆனால் உரிமை முழுக்கக் கைமாறிவிடும். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ளபடி, காலம் முடிந்ததும் புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் அவர். நீங்கள் அலமாரியும் ஏசியும் போட்டு வியாபாரம் சூடுபிடித்த பிறகு அவர் ‘வேண்டாம்’ என்றால், அந்த வரி உங்களுக்கு ஒரு துளியும் உதவாது.

சட்ட ஆங்கிலத்தில் ஆப்ஷன் என்ற சொல் வந்தாலே முதலில் தேட வேண்டியது ‘அட் தி ஆப்ஷன் ஆஃப்’ என்பதற்குப் பின்னால் வரும் ஆளை. ஆப்ஷன் என்பது கடமையில்லாத உரிமை. வைத்திருப்பவர் பயன்படுத்தலாம், விட்டுவிடலாம். எதிர்த்தரப்புக்கு அந்த வசதி கிடையாது. இவர் ‘சரி’ என்றால் அவர் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.

‘லெஸீ’ என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். அதோடு விட்டுவிடாமல், எத்தனை நாளைக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதையும் (ஒப்பந்தம் முடிவதற்கு 60 அல்லது 90 நாள் முன்பு என்பது போல) குறிப்பிட வேண்டும். அந்தக் கெடுவை நீதிமன்றங்கள் கறாராகவே பார்க்கின்றன. வாய்மொழியாகச் சொன்னேன் என்பது பெரும்பாலும் நிற்காது. அடுத்து, புதிய வாடகை எவ்வளவு என்பது. ‘பரஸ்பரம் பேசி முடிவு செய்துகொள்ளலாம்’ என்று எழுதினால் உங்கள் ஆப்ஷன் பாதி செத்த மாதிரி. உரிமையாளர் மூன்று மடங்கு கேட்டுவிட்டு, ‘பேச்சு ஒத்துவரவில்லை’ என்று சொல்லிவிடலாம். பழைய வாடகைக்கு மேல் இத்தனை சதவீதம் என்று எண்ணில் போடுங்கள். எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதும் வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும் என்பதால், கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கேள்வி: பங்குச் சந்தையில் ‘ஆப்ஷன் வாங்கினால் நஷ்டம் குறைவு’ என்கிறார்கள். அதுவும் இதே ஆப்ஷன்தானா?
– வாசகர், திருப்பூர்

அதேதான். கடமையில்லாத உரிமையைக் காசுக்கு விற்கிறார்கள், அவ்வளவே. வாங்கும் உரிமைக்குப் பெயர் ‘கால்’, விற்கும் உரிமைக்குப் பெயர் ‘புட்’. தேசியப் பங்குச் சந்தையில் 2001-இலிருந்து இந்த வியாபாரம் நடக்கிறது.

எண்ணில் பார்த்தால் புரியும். இதில் வரும் விலைகள் உதாரணத்துக்குத்தான். ஒரு பங்கு இன்று 500 ரூபாய். மாதக் கடைசியில் 520 ரூபாய்க்கு வாங்கும் உரிமை, அதாவது 520 ஸ்ட்ரைக் ‘கால்’, பங்குக்கு 12 ரூபாய் பிரீமியத்துக்கு (உரிமையின் விலைக்கு) கிடைக்கிறது. லாட், அதாவது ஒரே தொகுப்பாக விற்கும் பங்குகளின் எண்ணிக்கை, 100 என்று வைத்தால் நீங்கள் கட்டுவது 1,200 ரூபாய். கெடு நாளில் பங்கு 550-க்கு வந்தால், 30 ரூபாய் மதிப்புள்ள உரிமையை 12-க்கு வாங்கியிருக்கிறீர்கள். 100 பங்குக்கு லாபம் 1,800. பங்கு 515-இல் நின்றால்? 500-இலிருந்து ஏறத்தான் செய்தது, உங்கள் கணிப்பு சரிதான். ஆனாலும் 1,200 ரூபாயும் போய்விட்டது. சந்தையில் 515-க்குக் கிடைப்பதை 520-க்கு யார் வாங்குவார்கள்? 532-ஐத் தாண்டினால்தான் உங்களுக்குக் காசு. அதற்குள் நாள் நகர நகர, பங்கு விலை அசையாமல் இருந்தாலும் பிரீமியம் கரைந்துகொண்டே வரும். புதிதாக வருபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்: திசையைச் சரியாகக் கணிக்கிறார்கள், நாளைக் கணிப்பதில்லை.

‘நஷ்டம் குறைவு’ என்பது வாங்குபவருக்கு மட்டும் உண்மை. கட்டிய பிரீமியத்துக்கு மேல் போகாது. விற்றவருக்கு அப்படியில்லை. மேலே சொன்ன 1,200 ரூபாயை வாங்கிக்கொண்டவர், பங்கு 550-க்குப் போனால் 3,000 ரூபாய் கொடுக்க வேண்டும். 600-க்குப் போனால் 8,000. வாங்கியவரின் உரிமை அவருக்குக் கடமை.

இன்னொரு பள்ளம். தனிப் பங்குகளின் ஆப்ஷன்கள் 2019 அக்டோபர் முதல் முழுக்க டெலிவரி முறைக்கு வந்துவிட்டன. கெடு நாளில் பங்கு விலை 520-ஐத் தாண்டி நிற்கும்போது ‘கால்’ ஆப்ஷனை விற்காமல் மறந்துவிட்டால், பங்குகளையே எடுத்துக்கொள்ள வேண்டும். நம் கணக்கில் 520 பெருக்கல் 100, அதாவது 52,000 ரூபாய் தயாராக இருக்க வேண்டும். 1,200 ரூபாயோடு வந்தவருக்கு அது பெரிய தொகை. நிஃப்டி போன்ற குறியீட்டு ஆப்ஷன்கள் மட்டும் பணமாகவே தீர்க்கப்படும்.

2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ் வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக 2024 செப்டம்பரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ‘நஷ்டம் குறைவு’ என்றவரிடம் இதையும் சொல்லுங்கள்.

கேள்வி: சிவில் சர்வீஸ் தேர்வில் ஆப்ஷனல் பேப்பர் என்கிறார்கள். ஆப்ஷனல் என்றால் எழுதாமலும் விடலாமா?
– மாணவி, பெரம்பலூர்

விட்டால் 500 மதிப்பெண் போய்விடும். எந்தப் பாடம் என்பது உங்கள் விருப்பம். பாடம் எடுப்பதில் விருப்பத்துக்கு இடமில்லை. 2013 முதல் ஒரே ஆப்ஷனல் பாடம், இரண்டு தாள்கள், தாளுக்கு 250. முதன்மைத் தேர்வில் தரவரிசைக்குக் கணக்கிடும் 1,750 மதிப்பெண்ணில் இதுவும் சேர்ந்ததுதான். தமிழ் இலக்கியத்தையும் எடுக்கலாம். இதே சொல் பட்டுப்புடவை விளம்பரத்தில் ‘ஃபால்ஸ் தைப்பது ஆப்ஷனல்’ என்று வந்தால், வேண்டாமென்றே சொல்லிவிடலாம்.

கேள்வி: ‘அந்தப் பாடத்தைச் சாய்ஸில் விட்டுட்டேன்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?
– பிளஸ் டூ மாணவர், ஆம்பூர்

‘ஐ லெஃப்ட் இட் இன் சாய்ஸ்’ என்றால் நம் பக்கத்தைத் தாண்டினால் பலருக்கும் விளங்காது. இது நம் வினாத்தாள் பெற்ற பிள்ளை. ‘ஏழில் எவையேனும் ஐந்துக்கு விடையளி’ என்ற வரியிலிருந்து முளைத்த சொல்வழக்கு. ஆங்கிலத்தில் ‘ஐ ஸ்கிப்ட் தட் சாப்டர்’ என்றால் போதும்.

தேர்வறைக்கு ஒரு குறிப்பு. சாய்ஸ் உள்ள பகுதியிலேயே ‘இந்த எண்ணுக்குக் கட்டாயம் விடையளிக்கவும்’ என்று ஒரு வினா இருக்கலாம். அதை விட்டுவிட்டு மற்றவற்றில் இரண்டு கூடுதலாக எழுதினாலும் ஈடாகாது. ‘அ அல்லது ஆ’ என்றிருந்தால் எதை எழுதுகிறீர்களோ அந்த எழுத்தையும் எண்ணோடு சேர்த்துப் போடுங்கள்.

கேள்வி: பொறியியல் கவுன்சலிங்கில் ‘சாய்ஸ் ஃபில்லிங்’ செய்யும்போது, கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்த கல்லூரியை முதலில் போடச் சொல்கிறார்கள். சரியா?
– ஒரு பெற்றோர், விருத்தாசலம்

தவறு. அதுவும் திருத்த முடியாத தவறு. உங்கள் பிள்ளையின் முறை வரும்போது கணினி பட்டியலின் உச்சியிலிருந்து இறங்கிவரும். எந்தச் சாய்ஸில் இடம் காலியாக இருக்கிறதோ அதை ஒதுக்கிவிட்டு அங்கேயே நின்றுவிடும். கீழே இருப்பதைத் திரும்பிப் பார்க்காது. உறுதியாகக் கிடைப்பதை முதலில் போட்டால் அதுதான் கிடைக்கும். அதைவிட நல்லது இரண்டாவதாக இருந்தும் பயனில்லை. கிடைக்காத கல்லூரியை உச்சியில் போட்டால் நஷ்டம் ஏதுமில்லை, கணினி அதைத் தாண்டி அடுத்ததற்குப் போகும்.

ஆகவே வரிசை ஆசைப்படிதான். கட்-ஆஃப் கணக்கு எதற்கு என்றால், பட்டியலை எவ்வளவு நீளமாகப் போட வேண்டும் என்று முடிவு செய்ய. முந்தைய ஆண்டுகளில் உங்கள் மதிப்பெண்ணுக்குச் சற்றுக் கீழே முடிந்த இடங்கள் வரை இறங்கிப் போங்கள். சாய்ஸ் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இல்லாதபோது இருபதோடு நிறுத்திக்கொண்டு, ஒன்றும் ஒதுக்கப்படாமல் அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. பெயர் ஒன்றுபோல் இருக்கும் கல்லூரிகள் பல. பெயரை நம்பாமல் கல்லூரி எண்ணைச் சரிபாருங்கள். லாக் செய்த பிறகு மாற்ற முடியாது.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் திரையில் வருபவைதான் உண்மையான ஆப்ஷன்கள். ‘அக்செப்ட் அண்ட் ஜாயின்’ என்றால் இதுவே போதும், சேர்ந்துகொள்கிறேன். ‘அக்செப்ட் அண்ட் அப்வர்ட்’ என்றால் இது கையில் இருக்கட்டும், மேலே உள்ளது காலியானால் அதைக் கொடு. கிடைத்துவிட்டால் பழையது தானாகப் போய்விடும். ‘டிக்ளைன் அண்ட் அப்வர்ட்’ என்றால் இது வேண்டாம், மேலே உள்ளது கிடைத்தால் மட்டும் கொடு. இது துணிச்சல்காரர்களுக்கு, கிடைக்காவிட்டால் கை காலி. அப்வர்ட் என்பது உங்கள் பட்டியலில் ஒதுக்கீட்டுக்கு மேலே இருப்பவற்றை மட்டுமே பார்க்கும். முதல் சாய்ஸே கிடைத்தவருக்கு அப்வர்ட் ஏது? ‘உறுதியானதை முதலில் போடு’ என்ற யோசனை இரண்டாவது முறையும் காலை வாரிவிடும் இடம் இது. கட்டணம், சேரும் கெடு ஆகியவற்றை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘ஹாப்ஸன்ஸ் சாய்ஸ்’ என்றால் இருதலைக் கொள்ளி எறும்பு நிலைதானே?
– ஓய்வுபெற்ற அலுவலர், கும்பகோணம்

நாளிதழ்களே அப்படித்தான் எழுதுகின்றன, ஆனால் இல்லை. இருபுறமும் நெருப்பு என்றால் டைலமா. ஹாப்ஸன்ஸ் சாய்ஸில் இருப்பது ஒன்றே ஒன்று: எடுத்தால் எடு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு.

தாமஸ் ஹாப்ஸன் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் குதிரை லாயம் வைத்திருந்தவர்; 1544-இல் பிறந்து 1631-இல் இறந்தவர். லண்டனுக்குச் சரக்கும் தபாலும் ஏற்றிச் செல்வது முதன்மைத் தொழில். மற்ற நேரத்தில் குதிரைகளைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டார். மாணவர்கள் ஆளுக்கு ஆள் வேகமான குதிரையையே கேட்டு, நல்ல குதிரைகள் ஓய்வில்லாமல் நொந்துபோயின. ஹாப்ஸன் சுழற்சி முறை கொண்டுவந்தார். ஓடிவந்த குதிரை வரிசையின் கடைசிக்குப் போகும். வாசலுக்குப் பக்கத்தில் நிற்பதைத்தான் அடுத்தவர் எடுக்க வேண்டும். லாயம் நிறையக் குதிரைகள் நின்றாலும் வந்தவருக்கு ஒன்றுதான். குதிரைகளின் பக்கம் நின்று பார்த்தால் நியாயமான ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும். அவர் இறந்தபோது, அங்கே மாணவராக இருந்த கவிஞர் மில்டன் அவரைப் பற்றி இரண்டு கவிதைகள் எழுதினார். கேம்பிரிட்ஜில் அவர் பெயரில் தெருவும் வாய்க்காலும் இன்றும் உண்டு.

எந்தப் பக்கம் போனாலும் ஒரே இடத்தில் மாட்டுவதற்கு ‘மார்ட்டன்ஸ் ஃபோர்க்’ என்று தனிப் பெயர் இருக்கிறது. இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றியின் காலத்தில் அமைச்சர் மார்ட்டன் வரி வசூலுக்கு இப்படி வாதம் செய்ததாகச் சொல்வார்கள்: ஆடம்பரமாக வாழ்கிறாயா, பணம் இருக்கிறது, கட்டு, சிக்கனமாக வாழ்கிறாயா, சேர்த்து வைத்திருப்பாய், கட்டு.

கேள்வி: மருத்துவப் புத்தகத்தில் ‘டிரக் ஆஃப் சாய்ஸ்’ என்கிறார்களே, அது நோயாளியின் விருப்பமா?
– செவிலியர் பயிற்சி மாணவி, சிவகாசி

இல்லை. அந்த நோய்க்கு முதலில் கொடுக்க வேண்டிய, மற்றவற்றைவிடத் தகுதியான மருந்து என்று பொருள். ஒவ்வாமை போன்ற தடை இருந்தால்தான் அடுத்த மருந்துக்குப் போவார்கள். அந்த அடுத்தது ஆல்டர்நேட்டிவ். இதே ‘மேலானது’ என்ற பொருளில்தான் ‘சாய்ஸ் மேங்கோஸ்’ என்றால் பொறுக்கியெடுத்த மாம்பழம். ஆனால் ‘சாய்ஸ் வேர்ட்ஸ்’ என்றால் பொறுக்கியெடுத்த வசவு. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ‘ஐ ப்ரிஃபர் காஃபி தேன் டீ’ – தவறு என்கிறாள் மகள்.
– வாசகி, மன்னார்குடி

மகள் சொல்வது சரி. ‘ப்ரிஃபர் காஃபி டு டீ’. ‘மோர் ப்ரிஃபரபிள்’ என்பதும் வேண்டாம். ‘அதைவிட’ என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எழுதும்போது ப்ரிஃபர்டு என்பதில் நடுவில் இரண்டு ‘ஆர்’, ப்ரிஃபரன்ஸில் ஒன்றுதான்.

கேள்வி: வருமான வரியில் ‘டீஃபால்ட் ரெஜீம்’, ‘ஆப்ட் அவுட்’ என்று எழுதுகிறார்கள். நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லையே?
– தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்

தேர்ந்தெடுக்காததால்தான் டீஃபால்ட். நீங்கள் வாய் திறக்காவிட்டால் எது தானாகப் பொருந்துமோ அது. கடன் கட்டாதவரை டீஃபால்டர் என்பதும் இதே சொல்தான். இரண்டிலும் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டது பொது. 2023-24 நிதியாண்டு முதல் புதிய வரி முறைதான் டீஃபால்ட். பழைய முறை வேண்டுமென்றால் அதிலிருந்து விலக வேண்டும், அதுதான் ஆப்ட் அவுட். நிறுவனத்தில் நீங்கள் சொல்வது சம்பளத்தில் வரி பிடிப்பதற்கு மட்டும். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது மாற்றிக்கொள்ளலாம், ஆண்டுக்கு ஆண்டு மாற்றலாம். ஆனால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் பழைய முறை கிடைக்கும். தாமதமாகத் தாக்கல் செய்தால் புதிய முறைதான். வீட்டு வாடகைக் கழிவு, 80சி என்று சொல்லிவந்த சேமிப்புக் கழிவு எல்லாம் அந்த ஆண்டுக்குக் கிடையாது.

கடிதத்தில் ‘ஐ ஆப்டட் தி ஓல்ட் ரெஜீம்’ என்று எழுதாதீர்கள். தேர்ந்தெடுப்பதைச் சொல்லும்போது ஆப்டுக்குப் பின் பெயர்ச்சொல் வந்தால் ‘ஃபார்’ வேண்டும்: ‘ஆப்டட் ஃபார்’. சூஸ் வந்தால் ‘ஃபார்’ கூடாது.